லில்லியன் கிஷ்ஷின் கைகள்

அம்மாவுக்குக் காது கேட்காமல் போய் நான்கு வருடம் ஆகிறது. முதலில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது. அப்புறம் ஒருநாள் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு எதுக்குக் கண்ணு, எல்லாரும் சும்மா வாய அசைக்கறாங்க" என்று உள்ளே போய்விட்டார். சீரியல்களில் ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பேச்சை எடுத்துவிட்டால் அங்கே பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் 'தி விண்ட்' பார்த்துக்கொண்டிருந்தேன். 1928இல் வந்த அமெரிக்க ஊமைப்படம். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் ஒரு பெண் தனியாக ஒரு மர வீட்டுக்குள் இருக்கிறாள். வெளியே மணற்காற்று. கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு எல்லாவற்றிலும் மணல் புகுந்துகொண்டிருக்கிறது. இடையில் வரும் டைட்டில் கார்டுகள் ஆங்கிலத்தில் இருந்தன, அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு நடப்பதே ஒரு சிலேட்டில்தான். அதை எடுத்துக் கதையை எழுதப் போனேன். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார்.

"அந்தப் புள்ள கையப் பாரு" என்றார்.

நான் அதுவரை கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணாக நடித்த லில்லியன் கிஷ்ஷைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கண்களைத்தான் எழுதுவார்கள். பெரிய கண்கள், சின்ன வாய், பூப்போன்ற உடம்பு, தொட்டால் ஒடிந்துவிடும் பெண். அம்மா சொன்ன பிறகு கைகளைப் பார்த்தேன். அன்றிலிருந்து அவரை வேறு ஆளாகத்தான் பார்க்கிறேன். அதற்கப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் இருவருமாக உட்கார்ந்து அவருடைய படங்களைப் பார்த்தோம். இந்தக் கட்டுரை அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊமைப்படம் என்றாலே ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்தப் படங்களின் குற்றம் அல்ல. கேமராவைக் கையால் சுற்றி எடுத்த காலம் அது. நொடிக்கு 16 பிரேம், 18 பிரேம், சில சமயம் 20 என்று வேகம் மாறும். பின்னாளில் பேசும் பட வேகமான 24 பிரேமில் அதையே ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகளாகிவிடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் தேய்ந்த பிரதிகளில் பாதி அப்படிப்பட்டவைதான். சரியான வேகத்தில் சீர்செய்த பிரதியைத் தேடிப் பாருங்கள். கிஷ் ஒரு கையைத் தூக்க எடுத்துக்கொள்ளும் நேரம் என்ன என்பது அப்போதுதான் தெரியும். அந்த நேரம்தான் அவருடைய நடிப்பு.

1893 அக்டோபர் 14 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டில் பிறந்தவர். தங்கை டோரதி ஐந்து வயது இளையவர். அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் அம்மா மேரி நாடக மேடையில் ஏறினார், குழந்தைகளையும் ஏற்றினார். 1902இல், ஒன்பது வயது நிறைவதற்கு முன்பே, லில்லியன் ஒரு நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கிவிட்டார். பல சமயம் அம்மா ஒரு குழுவில், மகள் வேறொரு குழுவில். பள்ளிக்கூடம் என்பது கிடைத்த ஊரில் கிடைத்த நாளில் எட்டிப் பார்த்ததுதான். சத்தமாக, தெளிவாகப் பேசாவிட்டால் உன் இடத்தில் வேறு ஒரு சிறுமியைப் போட்டுக்கொள்வார்கள் என்பதே தனக்குக் கிடைத்த முதல் நடிப்புப் பாடம் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்படிக் குரலை நம்பி வளர்ந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் குரலே தேவைப்படாத ஒரு தொழில் கிடைத்தது.

1912 கோடையில் நியூயார்க்கின் கிழக்கு 14ஆம் தெருவில் இருந்த பயோகிராப் ஸ்டுடியோவுக்கு அக்காவும் தங்கையும் போனது, நாடக நாட்களில் தெரிந்த கிளாடிஸ் ஸ்மித் என்ற தோழியைப் பார்க்கத்தான். கிளாடிஸ் அங்கே மேரி பிக்போர்ட் என்ற பெயரில் நடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித்திடம் இவர்களை அறிமுகம் செய்து வைத்தார். யார் லில்லியன், யார் டோரதி என்று கிரிஃபித்துக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருவர் தலையில் நீல ரிப்பன், இன்னொருவர் தலையில் சிவப்பு ரிப்பன் கட்டச் சொல்லி, நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டார். ஒத்திகையின் நடுவில் திடீரென்று ஒரு துப்பாக்கியை எடுத்து மேலே பார்த்துச் சுட்டுக்கொண்டே இருவரையும் அறை முழுக்கத் துரத்தினார். பயந்து ஓடிய விதம் அவருக்குப் பிடித்துப்போனது. நாளுக்கு 5 டாலர் கூலி. அந்தக் கோடையில் எடுத்த 'ஆன் அன்சீன் எனிமி' என்ற சின்னப் படத்தில் அறைக்குள் பூட்டப்பட்ட இரண்டு சகோதரிகளாக, சுவர் ஓட்டை வழியாக நீளும் துப்பாக்கிக்கு நடுங்குகிறவர்களாக, இருவரும் அறிமுகமானார்கள்.

இந்தத் துப்பாக்கிக் கதையை வேடிக்கையாகவே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. வேலை கேட்டு வந்த இரண்டு இளம்பெண்களை ஒருவர் நிஜமாகப் பயமுறுத்திப் பார்க்கிறார். ஆனால் லில்லியன் அந்தப் பயத்தோடு நின்றுவிடவில்லை. பயம் உடம்பில் எங்கே உட்காருகிறது, தோளிலா விரலிலா கழுத்திலா என்று கவனிக்கத் தொடங்கினார். நடனம் கற்றார், வாள்வீச்சு கற்றார். மருத்துவமனைகளுக்கும் மனநல விடுதிகளுக்கும் போய் மனிதர்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்படி அசைகிறார்கள் என்று பார்த்து வந்தார். கேமரா கிட்டே வரும்போது மேடை நடிப்பு பெரிதாகத் தெரியும், எனவே எதைக் குறைக்க வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை நடிகர்கள் யாரும் சொல்லித்தராமல் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன்னால் போனவர் ஒருவரும் இல்லை.

1919இல் வந்த 'ப்ரோக்கன் பிளாசம்ஸ்' அம்மாவும் நானும் இரண்டாவதாகப் பார்த்த படம். லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் குத்துச்சண்டைக்கார அப்பாவிடம் தினம் அடிவாங்கும் பதினைந்து வயதுச் சிறுமி லூசி. கிஷ்ஷுக்கு அப்போது இருபத்தைந்து. இவ்வளவு சின்னப் பெண்ணாக நடிக்க எனக்கு வயது அதிகம் என்று அவரே மறுத்துப் பார்த்திருக்கிறார். 1918இன் கொள்ளைக் காய்ச்சலில் விழுந்து எழுந்த நேரம் வேறு. படப்பிடிப்பு மொத்தமே 18 நாள்.

அப்பா லூசியைச் சிரிக்கச் சொல்கிறான். அவளுக்குச் சிரிக்கத் தெரியாது. இரண்டு விரல்களை எடுத்து வாயின் இரண்டு ஓரத்திலும் வைத்து மேலே தள்ளுகிறாள். உதடு சிரிக்கிறது, கண் அப்படியே இருக்கிறது. விரலை எடுத்ததும் உதடு கீழே விழுந்துவிடுகிறது. இது கதையில் இருந்ததல்ல, கிரிஃபித் சொல்லிக் கொடுத்ததும் அல்ல. கிஷ் ஒத்திகையில் தானாகச் செய்தது. கிரிஃபித் அதைப் பார்த்துப் படம் முழுக்க வைத்துக்கொண்டார். கடைசியில் லூசி சாகும்போது அதே இரண்டு விரல்கள் மறுபடி வாய்க்குப் போகின்றன. அந்த இடத்தில் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குச் சற்று முன்னால் வரும் அலமாரிக் காட்சியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. அப்பா கோடாரியால் கதவைப் பிளக்கிறான். உள்ளே ஒரு ஆள் நிற்க மட்டும் இடமுள்ள இருட்டு. லூசி அந்த இடத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிறாள், கூண்டுக்குள் மாட்டிய அணில் போல. ஓட இடமில்லாமல் ஓடுவது எப்படி என்று நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. கைகள் சுவரைத் தடவுகின்றன, வாயை மூடுகின்றன, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் நிற்கின்றன. கிஷ் இதை ஒத்திகையில் காட்டாமல் நேராகக் கேமரா முன் செய்தார் என்றும், முடிந்ததும் இப்படிச் செய்யப்போகிறாய் என்று ஏன் முன்பே எச்சரிக்கவில்லை என்று கிரிஃபித் ஆடிப்போய்க் கேட்டார் என்றும் அவருடைய நினைவுகளில் வருகிறது. துப்பாக்கியோடு துரத்தியவர் ஏழு வருடம் கழித்து அந்தப் பெண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறார்.

இந்தப் படத்தில் எனக்கு உறுத்தும் ஒன்றும் இருக்கிறது. லூசிமேல் அன்பு வைக்கும் சீன இளைஞனாக நடித்தது ரிச்சர்ட் பார்தல்மெஸ் என்ற வெள்ளையர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு நடிக்கிறார். கருணையோடு எழுதப்பட்ட பாத்திரம்தான், ஆனால் அதில் நடிக்க ஒரு சீனருக்கு இடம் கொடுக்கப்படவில்லை.

இதைச் சொல்லும்போது 1915க்குத் திரும்பிப் போகாமல் இருக்க முடியாது. 'தி பர்த் ஆஃப் எ நேஷன்'. கிஷ்ஷை அமெரிக்கா முழுக்கத் தெரிய வைத்த படம். கறுப்பின மக்களை மிருகங்களாகவும், கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலை மீட்பர்களாகவும் காட்டிய படம். கறுப்பின மக்களின் உரிமைக்கான அமைப்பான என்ஏஏசிபி அப்போதே ஊருக்கு ஊர் போராடியது. அதே வருடத்தின் கடைசியில் ஜார்ஜியாவில் க்ளான் புதிதாக உயிர்பெற்றதற்கு இந்தப் படம் தீ மூட்டியது. கிஷ் அதில் வடக்கத்தி அரசியல்வாதியின் மகள் எல்சியாக வருகிறார். இந்தப் படத்தை நான் அம்மாவோடு பார்க்கவில்லை. தனியாகத்தான் பார்த்தேன், நிறுத்தி நிறுத்தி, மூன்று நாளில். கிஷ்ஷின் நடிப்பைப் பார்ப்பதற்காக என்று ஆரம்பித்தேன், அவர் முகத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் அந்தக் கும்பல் குதிரையேறி வருகிறது என்று புரிந்தபோது அந்த நடிப்பைத் தனியாகப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அவருடைய மென்மைதான் அந்தப் பொய்க்கு எரிபொருளாகப் பயன்பட்டது.

கிஷ் கடைசிவரை கிரிஃபித்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் நிறவெறியர் அல்லர் என்றே பேசி வந்தார். ஒஹையோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் 1976இல் கிஷ் சகோதரிகள் பெயரில் ஒரு திரையரங்கு வந்தது. 2019இல் கறுப்பின மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, பல்கலைக்கழகம் அந்தப் பெயரை எடுத்துவிட்டது. மார்ட்டின் ஸ்கோர்செஸி உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட திரைத்துறையினர் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நான் கிஷ்ஷை நேசிப்பவள். ஆனாலும் அந்த மாணவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். தினமும் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நுழைய வேண்டியவர்கள் அவர்கள்.

சரி, கைகளுக்கு வருகிறேன்.

1920இன் 'வே டவுன் ஈஸ்ட்'. ஏமாற்றப்பட்டு, குழந்தையைப் பறிகொடுத்து, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பெண் பனிப்புயலில் நடந்துபோய் உறைந்த ஆற்றில் விழுகிறாள். அவள் கிடக்கும் பனிப்பாளம் உடைந்து அருவியை நோக்கி மிதக்கிறது. படப்பிடிப்பு வெர்மான்ட் மாநிலத்தின் ஒயிட் ரிவர் ஜங்ஷன் அருகே, உண்மையான ஆற்றில், உண்மையான பனிப்பாளத்தில் நடந்தது. அருவியை வேறு இடத்தில் எடுத்து ஒட்டினார்கள், ஆனால் பனிக்கட்டிமேல் கிடப்பது கிஷ்தான். மெல்லிய உடையோடு ஒரே நாளில் பல தடவை அதன்மேல் படுத்தார். படுத்திருக்கும்போது தன் கையையும் கூந்தலையும் தண்ணீரில் இழுபட விட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று யோசனை சொன்னது அவரேதான். இயக்குநர் கேட்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கை நெருப்பில் வைத்தது போல எரிந்தது என்று எழுதியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் குளிர் பட்டால் அந்தக் கை வலித்தது.

அதே படத்தின் புயல் காட்சிகளை நியூயார்க்குக்கு அருகே மமரோனெக்கில் நிஜமான மார்ச் மாதப் பனிப்புயலில் எடுத்தார்கள். கண்ணிமையில் பனிக்கட்டி கோத்துத் தொங்கியது. அந்த முகத்தைப் பிடி என்று கிரிஃபித் ஒளிப்பதிவாளர் பில்லி பிட்சரிடம் கத்தினாராம். முகத்தை அவர் பிடித்துக்கொண்டார். தண்ணீரில் போன கை கிஷ்ஷின் சொந்த முடிவு, அதுதான் எனக்கு முக்கியம்.

"கைய வெச்சுக்கிட்டுத் தூங்கற மாதிரியே இருக்குது. குளுராதா அந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டார் அம்மா. நான் சிலேட்டில் நடந்ததை எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுத் தன் வலது கையைத் தடவிக்கொண்டார். அம்மா முப்பது வருடம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். விரல் நுனிகளில் அவருக்கு இன்னும் உணர்ச்சி குறைவு.

அந்த வருடம் கிஷ் இன்னொன்றும் செய்தார். தங்கையைக் கதாநாயகியாக வைத்து 'ரீமாடலிங் ஹெர் ஹஸ்பெண்ட்' என்ற நகைச்சுவைப் படத்தை இயக்கினார். கிரிஃபித் ஆட்களோடு புளோரிடாவுக்குப் போய்விட, மமரோனெக்கில் அரைகுறையாக நின்ற ஸ்டுடியோவைப் படம் எடுக்கும் நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. இருபத்தாறு வயதில் ஸ்டுடியோவையும் முடித்தார், படத்தையும் முடித்தார், படம் லாபமும் பார்த்தது. அதற்குப் பிறகு அவர் இயக்கவே இல்லை. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

இல்லாமல் போவது அந்தக் காலப் படங்களின் பொதுவிதி. 1912க்கும் 1929க்கும் இடையில் அமெரிக்காவில் வெளியான முழுநீள ஊமைப்படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றில் வெளியான வடிவிலேயே முழுமையாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2013 அறிக்கை கணக்கிட்டது. அன்றைய படச்சுருளான நைட்ரேட் பிலிம் சட்டெனத் தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் நாளாக ஆகப் பொடியாகிவிடும். எரியாததையும் பொடியாகாததையும், இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று கம்பெனிகளே தூக்கிப் போட்டன. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இன்று நம்மிடம் இல்லாததும் இதே பெரிய இழப்பின் ஒரு பகுதிதான். முதுமையில் கிஷ் ஊர் ஊராகப் போய்ப் பழைய படங்களைக் காப்பாற்றுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். தன் கையால் செய்த ஒரு படம் காணாமல் போனவருக்கு அது சும்மா பேச்சாக இருந்திருக்காது.

1921இன் 'ஆர்ஃபன்ஸ் ஆஃப் தி ஸ்டார்ம்' கிரிஃபித்தோடு கடைசி. உன் பெயருக்குத் தகுந்த சம்பளத்தை என்னால் தர முடியாது, வெளியே போய்ச் சம்பாதி என்று அவரே அனுப்பிவைத்தார். இத்தாலியில் 'தி ஒயிட் சிஸ்டர்', 'ரோமோலா' என்று இரண்டு படங்கள். அந்தத் தயாரிப்புக் கம்பெனியின் தலைவர் சார்லஸ் டூவெல், கிஷ் வேறு எங்கும் நடிக்கக்கூடாது என்றும் தன்னை மணக்கச் சம்மதித்தவர் என்றும் சொல்லி வழக்குப் போட்டார். 1925இல் நீதிமன்றம் கிஷ் பக்கம் நின்றது. அவர் யாரையும் மணந்துகொள்ளவே இல்லை.

அதே ஆண்டு ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோ. இரண்டு வருடம், ஆறு படம், 8 லட்சம் டாலர். ஐந்து டாலர் கூலியிலிருந்து பதிமூன்று வருடத்தில் அங்கே வந்திருந்தார். பணத்தைவிடப் பெரிது, கதையையும் இயக்குநரையும் உடன் நடிப்பவரையும் தேர்வதில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு. கிங் விடோர் எடுத்த வேறொரு படத்தைப் பார்த்துவிட்டு அவரையும் ஜான் கில்பர்ட்டையும் 'லா போஹேம்' படத்துக்குக் கேட்டு வாங்கினார். காசநோயில் சாகும் மீமீயாக நடிக்க நோயாளிகளைப் போய்ப் பார்த்தார். மூன்று நாள் தண்ணீர் குடிக்காமல், வாய்க்குள் பஞ்சு வைத்து ஈரத்தை உறிஞ்சி, உதடு வெடித்த நிலையில் படுக்கையில் வந்து படுத்தார். மூச்சு நின்றதோ என்று தான் உண்மையாகவே பயந்ததாக விடோர் பிற்காலத்தில் எழுதினார். அந்தப் படத்தில் காதலர்கள் முத்தமிட வேண்டாம், தொடாத காதல்தான் பார்ப்பவரை வாட்டும் என்று கிஷ் வாதாடினார். ஸ்டுடியோ கேட்கவில்லை. காதல் காட்சிகளைச் சேர்த்து எடுத்தார்கள். இந்த விஷயத்தில் கிஷ்தான் சரி என்பது என் கட்சி.

அடுத்து 'தி ஸ்கார்லெட் லெட்டர்'. மத அமைப்புகள் எதிர்க்கும், அந்த நாவலைத் தொட முடியாது என்று ஸ்டுடியோ சொன்னதும் கிஷ்ஷே தேவாலய அமைப்புகளுக்கு எழுதி அனுமதி வாங்கினார். ஸ்வீடனிலிருந்து வந்திருந்த விக்டர் ஷோஸ்ட்ரோம்தான் இயக்க வேண்டும் என்று கேட்டார். படப்பிடிப்பு நடக்கும்போதே, லண்டனில் டோரதியோடு இருந்த அம்மாவுக்குப் பக்கவாதம் என்று செய்தி வந்தது. மிச்சக் காட்சிகளை இரவு பகலாக எடுத்து முடித்துக்கொண்டு கப்பலேறினார். அந்த அம்மா 1948இல் இறக்கும்வரை இரண்டு மகள்களும் பார்த்துக்கொண்டார்கள். கிஷ் ஏன் தனியாகவே இருந்தார் என்று ஆராய்கிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு மருந்து நேரம் பார்த்து வாழ்வது என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் நான் அந்த ஆராய்ச்சிக்குப் போவதில்லை.

இனி 'தி விண்ட்'. டோரதி ஸ்கார்பரோவின் நாவலைப் படித்துப் பிடித்துப்போய், சுருக்கம் எழுதி எம்ஜிஎம்மின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்கிடம் கொடுத்தது கிஷ். மறுபடி ஷோஸ்ட்ரோம் வேண்டும், நடிகர் லார்ஸ் ஹான்சன் வேண்டும் என்று கேட்டது கிஷ். இன்றைய கணக்கில் அவரைத் தயாரிப்பாளர் என்றே சொல்ல வேண்டும். வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வறண்ட நிலத்துக்கு வந்து சேரும் லெட்டி என்ற பெண்ணை அங்கே இடைவிடாமல் வீசும் காற்று மெல்ல மெல்லக் கலைத்துப்போடுவதுதான் கதை. மொஹாவி பாலைவனத்தில் எடுத்தார்கள். எட்டு விமானங்களின் புரொப்பல்லர்களைச் சுழலவிட்டு மணலை அவர்மேல் அடித்தார்கள். வெப்பம் 120 டிகிரி பாரன்ஹீட், நம் கணக்கில் 49 டிகிரி. பிலிம் சுருண்டுவிடாமல் இருக்க அதைப் பனிக்கட்டியில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது. படக்குழுவினர் கண்ணாடியும் துணியும் சுற்றிக்கொண்டார்கள், நடிப்பவர் முகத்தை மூட முடியாது. ஒருநாள் வெயிலில் காய்ந்த கதவின் கைப்பிடியை வெறுங்கையால் பிடித்ததில் உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டி உரிந்து வந்தது.

பனிக்கும் கொடுத்தாயிற்று, வெயிலுக்கும் கொடுத்தாயிற்று.

படத்தில் லெட்டி தன்னைக் கெடுத்தவனைச் சுட்டுக் கொல்கிறாள். மணலில் குழி தோண்டிப் புதைக்கிறாள். காற்று மணலை அள்ளிப் பிணத்தை வெளியே கொண்டுவருகிறது. ஜன்னலுக்கு உள்ளே நின்று அவள் பார்க்கிறாள். அந்த இடத்தில்தான் அம்மா கையைப் பார் என்றது. நான் முழுதாகக் கவனித்தது மறுநாள் திரும்பப் போட்டபோது. மேசைமேல் ரொட்டி இருக்கிறது, அதன்மேல் மணல் இருக்கிறது, அவள் கைகள் துடைக்கின்றன. துடைத்த இடத்தில் மறுபடி மணல். அவளுடைய மனம் எங்கோ போய்விட்டது, வீட்டு வேலைக்குப் பழகிய கை மட்டும் நிற்காமல் துடைத்துக்கொண்டிருக்கிறது. பித்துப் பிடிப்பதைக் கண்ணை உருட்டாமல் காட்ட முடியும் என்று எனக்குத் தெரியாது.

நாவலில் லெட்டி புயலுக்குள் ஓடித் தொலைந்துபோகிறாள். படத்தில் கணவனோடு சேர்ந்து திறந்த கதவருகே காற்றை எதிர்த்து நிற்கிறாள். அந்த முடிவை ஸ்டுடியோ திணித்தது என்று கிஷ் கடைசிவரை வருத்தப்பட்டார். அம்மாவுக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. "பொழைச்சுக்கிட்டா பாரு" என்றார். நான் எதிர்த்து எதுவும் எழுதவில்லை.

1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து திரை பேசத் தொடங்கிவிட்டது. 'தி விண்ட்' வெளியான 1928 கடைசியில் யாருக்கும் ஊமைப்படம் வேண்டியிருக்கவில்லை. பணம் திரும்பவில்லை. கிரேட்டா கார்போவின் காலம் தொடங்கியிருந்தது. உங்களைப் பற்றி ஊர் பேசவே இல்லை, ஒரு வதந்தியை நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்று ஸ்டுடியோ சொன்னதாகக் கிஷ் எழுதுகிறார். வேண்டாம் என்றார். ஆறு படத்துக்குப் பதில் ஐந்தோடு எம்ஜிஎம்மை விட்டு வெளியேறினார். வயது முப்பத்தைந்து.

குரல் சரியில்லாததால் வீழ்ந்த ஊமைப்பட நட்சத்திரம் என்ற வழக்கமான கதைக்குள் இவரைப் போட முடியாது. ஒன்பது வயதுக்கு முன்பே பயிற்சி எடுத்த குரல் அது. நேராக மேடைக்குத் திரும்பினார். 1930இல் செகாவின் 'அங்கிள் வான்யா', 1936இல் ஜான் கீல்குட்டோடு 'ஹாம்லெட்'டில் ஒஃபீலியா. 1946இல் 'டூயல் இன் தி சன்' படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது, விருது வரவில்லை. 1971இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள்.

1955இல் வந்த 'தி நைட் ஆஃப் தி ஹண்டர்' அவருடைய பேசும் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது. சார்லஸ் லாட்டன் இயக்கிய ஒரே படம். தயாராவதற்காக கிரிஃபித் காலத்துப் படங்களைத் தேடிப் பார்த்தவர், அங்கிருந்தே கிஷ்ஷையும் கூட்டிக்கொண்டு வந்தார். விரல்களில் அன்பு என்றும் வெறுப்பு என்றும் பச்சை குத்திக்கொண்ட கொலைகாரப் போதகனாக ராபர்ட் மிட்சம். அனாதைப் பிள்ளைகளை வைத்துக் காக்கும் கிழவி ரேச்சலாகக் கிஷ். ராத்திரி, வாசலுக்கு வெளியே அவன், உள்ளே ஆடும் நாற்காலியில் மடியில் துப்பாக்கியோடு இவர். அவன் ஒரு பக்திப் பாட்டைப் பாட, இவரும் சேர்ந்து பாடுகிறார். 1916இன் 'இன்டாலரன்ஸ்' படத்தில் நான்கு யுகங்களின் கதைகளுக்கு நடுவே ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருப்பவரும் இவர்தான். அந்த இளம்பெண்ணையும் இந்தக் கிழவியையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். காவல் காக்கும் அதே ஆட்டம், முப்பத்தொன்பது வருட இடைவெளியில். மடியிலிருக்கும் துப்பாக்கியை அவர் பிடித்திருக்கும் விதத்தில் பெருமை இல்லை, கரண்டி பிடிப்பது போலப் பிடித்திருக்கிறார். வெளியானபோது படம் ஓடவில்லை. லாட்டன் மறுபடி இயக்கவே இல்லை.

டோரதி 1968இல் இத்தாலியில் இறந்தார். அக்காவைவிடத் தங்கைதான் திறமைசாலி என்று லில்லியன் ஆயுள் முழுக்கச் சொன்னார்.

போன மாதம் கடைசியாகப் பார்த்தது 1987இன் 'தி வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்'. மெய்ன் மாநிலத்துத் தீவு ஒன்றில் இரண்டு வயதான சகோதரிகள் கோடைக்கு வந்து தங்கியிருக்கிறார்கள். பார்வை போன லிபியாக பெட்டி டேவிஸ். அவரைப் பார்த்துக்கொள்ளும் சாராவாகக் கிஷ். படப்பிடிப்பின்போது அவருக்குத் தொண்ணூற்று மூன்று வயதை ஒட்டி. காது மந்தமாகியிருந்தது. ஆறு வருடம் கழித்து, 1993 பிப்ரவரி 27 அன்று, நூறுக்குச் சில மாதங்கள் குறையும்போது நியூயார்க்கில் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

பேசும் படம் என்பதால் அம்மாவுக்கு அலுத்துவிடுமோ என்று நினைத்தேன். சிலேட்டைத் தயாராக வைத்திருந்தேன். சாரா அக்காவின் நீண்ட வெள்ளை முடியை வாரிவிடும் காட்சி வந்தது. சிக்கு எடுக்கும் கை அவசரப்படவில்லை. அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியில் என் தோளைத் தட்டினார்.

"இந்தம்மாவுக்கும் காது கேக்காதா?"

எப்படித் தெரியும் என்று கையசைத்துக் கேட்டேன்.

"அந்தம்மா வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்க பாரு."

சிலேட்டில் ஆமாம் என்று எழுதிக் காட்டினேன். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்.